வெல்லமும் பதக்கமும்

காக்கிச் சட்டையில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்துத்தான் அஞ்சம்மாள் புருஷன் சவுரிராயனின் திருட்டைக் கண்டுபிடித்தாள். பைக்குள் இரண்டு வெல்லக்கட்டி! நீரிழிவுக்காரன், தினமும் ஊசி குத்திக்கொள்கிறவன், இனிப்பே ஆகாது என்று டாக்டர் எச்சரித்தவன் செய்கிற வேலையா இது? வெல்லத்தை அடுப்பில் எறிந்தாள். பையில் அதற்குப் பதிலாக அந்தோணியார் பதக்கத்தை வைத்தாள். பெண்டாட்டி சொல்லி அடங்காத வாயைப் புனிதராவது அடக்கட்டும்.

மறுநாள் காலை, சவுரிராயன் ஓட்டும் திண்டிவனம் பஸ்ஸிலேயே அக்காள் வீட்டுக்குக் கிளம்பினாள். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரி அடுப்பின் வாயுவில் ஓடும் வண்டி. அதைச் சூடேற்றும் அவசரத்தில் அவன் ஊசியைப் போட்டுக்கொண்டு கஞ்சியைத் தொடாமலேயே வந்திருந்தான்.

விக்கிரவாண்டி தாண்டியதும் அவன் பிடரியில் வியர்வை ஊற்றியது. மார்கழிக் குளிரில் என்ன வியர்வை? வண்டி ஏரிக்கரை ஓரமாகவே இழுத்தது. அவனுக்கு நேர் பின்சீட்டிலிருந்த அஞ்சம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க, பாத்து ஓட்டுங்க!"

அவன் கை பையைத் துழாவி, அகப்பட்டதை வாயில் போட்டுக்கொண்டது. நறுக்கென்று கடிபட்டது பதக்கம். அதையே சப்பினான்.

"வெல்லம்... மயக்கம் வந்தா துன்னச் சொன்னாரு டாக்டரு..." நாக்கு குழறியது.

அஞ்சம்மாளுக்கு உயிரே போய்விட்டது. "நிறுத்துங்க!" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். பழகிய கால் பிரேக்கை மிதித்தது. முன்சக்கரம் கரை விளிம்பில் நிற்க, எஞ்சின் அணைந்தது.

"காலங்காத்தாலயே கள்ளு," என்றார் பின்னால் ஒருவர்.

"கள்ளு இல்ல சாமி, சக்கரை வியாதி! ஊசி போட்டுக்கினு துன்னாம வந்துட்டாரு. யாராண்டயாவது வெல்லம் இருக்குதா?"

திருவக்கரை அம்மன் கோயிலில் பொங்கல் வைக்கப் போகிற கோவிந்தம்மாள் மூட்டையை அவிழ்த்தாள். "ஆத்தாளுக்குன்னு எடுத்தாந்தது. பரவால்ல, மொதல்ல இவரு வாயில போடு. அவ கோச்சிக்க மாட்டா."

அஞ்சம்மாள் அவன் வாயிலிருந்து பதக்கத்தை விரலால் தோண்டி எடுத்துவிட்டு வெல்லத்தைப் பொடித்து ஊட்டினாள். மெல்ல அவன் பார்வை தெளிந்தது.

"வெல்லத்த எடுத்தது நான்தாங்க," என்று அழுதாள். "மயக்கம் வரும்னு ஏன் சொல்லல?"

"சொன்னா வண்டி ஓட்ட வுடுவியா?"

கோர்ட்டு வாய்தாவுக்குப் போகிறவர்கள் முணுமுணுத்தார்கள். சவுரிராயன் எஞ்சினைச் சுழற்றும் இரும்புக் கைப்பிடியைத் தேடினான். அது அஞ்சம்மாள் மடியில் இருந்தது.

"குடு அஞ்சு. நேரமாவுது."

"மாட்டேன். அக்காளுக்குச் சுட்ட கேப்பை அடை இருக்குது, துன்னுங்க. கை நடுக்கம் நிக்கட்டும். அதுக்கு முன்னாடி கேட்டீங்கன்னா ஏரியில வீசிடுவேன்."