பிணம் தொட்டவர்களின் பஸ்கா

பாஸ்டர் ஓபேத்துக்கு யூதப் பண்டிகைகளின் மேல் வந்த பித்து ஒரு கொம்பில் ஆரம்பித்தது. யாரோ ஒரு பயணி கொடுத்துவிட்டுப் போன ஆட்டுக்கொம்பை ஞாயிறு ஆராதனையில் எடுத்து ஊதினார். தெருநாய்களெல்லாம் சேர்ந்து ஊளையிட்டன. அடுத்து, சபையின் பின்புறத்தில் சோளத்தட்டையால் குடிசை போட்டுக் கூடாரப் பண்டிகை. எங்கள் ஊரில் அது மழைக்காலம். கூடாரத்தில் உட்கார்ந்த எல்லோருக்கும் சளி பிடித்தது. அவர் அசரவில்லை.

"எல்லாப் பண்டிகையும் இயேசுவோட நிழல்தான்டா ஆரோல்தோ. நிழல் எங்க விழுதுன்னு பாத்தா ஆள் எங்க நிக்கறார்னு தெரிஞ்சுரும்" என்பார் என்னிடம்.

வேதாகமக் கல்லூரியைப் பாதியில் விட்டு வந்தவன் நான். அங்கே வேதத்தை இவ்வளவு ஆசையாக யாரும் படித்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் அவர் சபையில் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர் ஷேலாவில் ஆஸ்பத்திரிக்கு எதிரே சவப்பெட்டிக் கடைகள் வரிசையாக இருக்கும். அதில் ஒன்றில் எனக்கு இரவு வேலை. ஆஸ்பத்திரியிலிருந்து உடலை வாங்கி வந்து, குளிப்பாட்டி, உடுத்தி, பெட்டியில் வைக்க வேண்டும். ஆண்களை நான் பார்த்துக்கொள்வேன், பெண்களை ஃபிதேலினா அக்கா. தூக்குவது இருவரும். அவளும் எங்கள் சபைதான். மகள் வடக்கே அமெரிக்காவுக்குப் போன பிறகு தனியாக இருந்தாள். அவள் கையால் தட்டிய சோளரொட்டியை அவள் தெருவில் யாரும் வாங்க மாட்டார்கள். பிணம் கழுவுகிற கை. அந்த ரொட்டியைத் தின்ற ஒரே இடம் எங்கள் சபை. அவள் ஜெபத்துக்கு வந்தாளோ இல்லையோ, ஞாயிற்றுக்கிழமைப் பந்திக்கு வராமல் இருந்ததில்லை.

இந்த வருடம் பாஸ்டர், அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான இரவை நினைக்கிற பஸ்கா விருந்தை வேதத்தில் எழுதியிருக்கிறபடியே செய்யத் தீர்மானித்தார். மோமொஸ்தெனாங்கோ சந்தையிலிருந்து ஆட்டுக்குட்டி வந்தது. கசப்புக் கீரை வந்தது. பிறகு மோசேயின் நியாயப்பிரமாணத்திலிருந்து ஒரு விதியும் வந்தது. பிணத்தைத் தொட்டவன், பிணம் கிடக்கிற வீட்டுக்குள் நுழைந்தவன், ஏழு நாள் தீட்டு. பந்தியில் உட்காரக் கூடாது. இதைப் படித்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்து, "ஒரு வாரம் லீவு கேட்டுருங்களேன்" என்றார். கேட்டோம். முதலாளி முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்.

பஸ்காவுக்கு முந்தின நாள் காலையில் ரோமுலோ செத்துப்போனார். சபையில் நாற்காலி அடுக்கி, கூட்டிப் பெருக்கிக் கதவைப் பூட்டுகிற கிழவர். சொந்தம் கிடையாது. வாடகை அறையில் கட்டிலில் கிடந்தார். சபையில் பாதிப் பேர் ஓடி வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் வாசலில் நின்றார்கள்.

பாஸ்டரும் வாசலில்தான் நின்றார். எட்டிப் பார்த்தார். கால் படியைத் தாண்டவில்லை.

"அழைச்சா வெளியாள் யாராவது வருவாங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"வெயில் ஏறுது, சீக்கிரம் ஏதாவது பண்ணணும்" என்றார் இன்னொருவர். பண்ணணும் என்று சொன்னவரும் அசையவில்லை.

ஃபிதேலினா அக்கா அப்போதுதான் வந்தாள். கையில் மசாலா வாசனை. ஆட்டுக்கறிக்கு அரைத்துக்கொண்டிருந்தவள். கூட்டத்தைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள்.

"என்ன, அண்ணன் எழுந்து வந்து வாங்கன்னு கூப்பிடணுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். பின்னால் நானும் போனேன். பெரிய விசுவாசம் எதுவும் காரணமில்லை. அவளால் தனியாகத் தூக்க முடியாது.

கழுவினோம். உடுத்தினோம். கடையிலிருந்து மலிவான பெட்டி ஒன்று வந்தது. மறுநாள் சாயங்காலம் சபையில் எல்லோரும் பஸ்கா சாப்பிட்டபோது நாங்கள் ரோமுலோவின் பெட்டி பக்கத்தில் பன்னும் காப்பியும் சாப்பிட்டோம். ஆட்டுக்கறி நன்றாக வந்திருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம். மசாலா அவளுடையது.

ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர் பிரசங்கத்தை ஆரம்பிக்கும்போது அவள் எழுந்தாள்.

"பாஸ்டர், ஒண்ணு கேக்கணும்."

"ஆராதனை முடியட்டும்மா" என்றார் முன்வரிசையில் ஒருவர்.

"முடிஞ்சா நீங்க எல்லாம் சாப்பிடப் போயிருவீங்க. நான் இப்பவே கேக்கறேன். நாங்க என்ன திருடினோமா? குடிச்சோமா? நம்ம அண்ணனைத்தான தொட்டோம்? எங்களை எதுக்குத் தள்ளி வச்சீங்க? இந்தப் பந்தியில எனக்கு எடம் இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க. இல்லன்னா பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போறேன். அப்புறம் வர மாட்டேன்."

போவாள் என்று எனக்குத் தெரியும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் எழுந்திருந்தாள்.

பாஸ்டர் வேதாகமத்தைக் கையில் எடுத்தார். "இருங்கம்மா. இந்தக் கேள்வியை நான் எங்கயோ படிச்சிருக்கேன்" என்று பக்கங்களைப் புரட்ட ஆரம்பித்தார். நெடுநேரம் புரட்டினார். ஆட்கள் இருமினார்கள். கடைசியில் பிரசங்கப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எண்ணாகமம், ஒன்பதாம் அதிகாரம்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "வனாந்தரத்துல பஸ்கா. சில பேர் செத்தவனைத் தொட்டதால சாப்பிட முடியல. மோசே முன்னாடி வந்து நிக்கறாங்க. எங்களை எதுக்குத் தடுக்கணும்னு கேக்கறாங்க."

"மோசே என்ன சொன்னாராம்?" என்றாள் அக்கா.

"தனக்குத் தெரியும்னு சொல்லல. நில்லுங்க, கர்த்தர் என்ன சொல்றார்னு கேக்கறேன்னார்."

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"கர்த்தர் அவங்களைத் திட்டல. அடுத்த மாசம் அதே தேதியில சாப்பிடுங்கன்னார். தூரப் பயணம் போனவங்களுக்கும் சேத்து. இவங்க கேட்டதாலதான் அந்தக் கட்டளையே வந்துச்சு." புத்தகத்தை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். "இதே பக்கத்துல நான் அடிக்கோடு போட்டிருக்கேன், பாருங்க. பஸ்கா தேதிக்கு மட்டும். மோசே கேட்டுட்டுப் பதில் சொன்னார். நான் கேக்காமயே சொல்லிட்டேன். என்னை மன்னிச்சிருங்க அக்கா. அடுத்த மாசம் உங்களுக்குப் பந்தி இருக்கு. நான் பரிமாறறேன்."

அவள் பையைக் கழற்றவில்லை. ஆனால் உட்கார்ந்தாள்.

அடுத்த மாதம் ஒரே ஒரு மேசை போட்டார்கள். நாங்கள் இருவர், எல்லையில் மாட்டிக்கொண்டு முதல் பஸ்காவைத் தவறவிட்ட லாரி டிரைவர் நேரி, பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்வந்த ஒரு பெண், அவள் குழந்தை. ரொட்டி ஃபிதேலினா அக்கா தட்டியது. குடிக்க ஜமைக்காப் பூவைக் கொதிக்க வைத்த சிவப்புத் தண்ணீர். பாஸ்டர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பரிமாறினார். உட்காரச் சொன்னபோது, "என் பங்கு போன மாசமே முடிஞ்சுது" என்றார்.

"பஸ்காவுக்குச் சொல்ற புளிப்பில்லாத அப்பம்னா சோளரொட்டிதான? அப்ப நமக்குப் பொறந்ததுலேந்து தினம் பஸ்காதான்" என்றார் நேரி, ரொட்டியைக் கிழித்துக்கொண்டே.

ஃபிதேலினா அக்கா எலும்பைக் கடித்துக்கொண்டு ஏதோ யோசித்தாள். "பாஸ்டர், ஆண்டவரைச் சிலுவையிலிருந்து இறக்கினது யாரு?"

"அரிமத்தியா யோசேப்பு. நிக்கொதேமுவும் வந்தார்."

"பாவம், பெரிய மனுஷங்க. பழக்கம் இருந்திருக்காது." மென்று விழுங்கினாள். "அன்னிக்குச் சாயங்காலம் பஸ்கா ஆச்சே. அவங்க எங்க சாப்பிட்டாங்க?"

பாஸ்டர் ஊற்றிக்கொண்டிருந்த கூஜா அப்படியே நின்றது.

"யோவானைத் தவிர மத்த மூணு சுவிசேஷத்துல முந்தின ராத்திரியே பஸ்கா முடிஞ்சுருது" என்றேன். கல்லூரியில் எனக்கு மிஞ்சியது இந்த மாதிரிச் சரக்குதான்.

"யோவான்ல முடியல. யோவான்ல, அவரைப் பிலாத்துகிட்ட கூட்டிட்டுப் போனவங்க அரண்மனைக்குள்ள காலே வைக்கல. தீட்டாயிட்டா பஸ்கா சாப்பிட முடியாதுன்னு வெளியவே..."

பாஸ்டர் நிறுத்திவிட்டார். காது சிவந்தது. யாரும் ரோமுலோவின் பெயரைச் சொல்லவில்லை.

"அப்ப அந்த ரெண்டு பேரும் பட்டினியா?" என்றாள் அக்கா.

"பஸ்கா சாப்பிட்டிருக்க முடியாது. அவங்களுக்கும் அடுத்த மாசம்தான்." பாஸ்டர் கூஜாவை வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினார். "அக்கா, உயிர்த்தெழுந்தப்புறம் அவர் நாப்பது நாள் இங்கதான இருந்தார். அந்த அடுத்த மாசம் அதுக்குள்ளயே வந்துருது."

அவளுக்கு அது புரியக் கொஞ்சம் நேரமானது. "அப்ப அவங்க ரெண்டாம் பந்தியில உக்காரும்போது," என்றாள் மெதுவாக, "தொட்ட பிணமே இல்லியே."

இது வேதத்தில் எழுதியிருக்கவில்லை. கல்லூரியில் எழுதினால் மார்க் கிடைக்காது. ஆனால் நான் எத்தனையோ பேரைக் கழுவிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ஒருவர்கூட அடுத்த மாதம் எழுந்து நடக்கவில்லை. அந்த இரண்டு பேருக்கு அது நடந்திருக்கிறது. நன்றி சொல்லிப் பழக்கமில்லாதவன் நான். அன்று சொன்னேன், தட்டைப் பார்த்துக்கொண்டு.

அப்போது என் போன் அடித்தது. முதலாளி. ஆஸ்பத்திரியில் ஒரு உடல், கனமான ஆள், சொந்தக்காரர்கள் காத்திருக்கிறார்கள், இரண்டு பேரும் உடனே வர வேண்டும்.

ஃபிதேலினா அக்கா பாதி ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"நீங்க உக்காருங்க" என்றார் பாஸ்டர். துண்டை எடுத்து நாற்காலியில் போட்டார். "தூக்கறதுதான? நான் போறேன்."

"உங்களுக்குப் பழக்கமில்ல பாஸ்டர்."

"நிக்கொதேமுக்கும் இல்லன்னு நீங்கதான சொன்னீங்க."

"பாஸ்டர், தீட்டு!" என்று கத்தினார் நேரி.

"அடுத்தது பெந்தெகொஸ்தே பண்டிகைதான். அதுக்குள்ள ஏழு நாள் தாராளமா இருக்கு."

அக்கா சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்ததே அரிது. "தலைப்பக்கம் பிடிக்காதீங்க, அதுதான் கனம். கால் பக்கம் பிடிங்க. முதுகை வளைக்காம முட்டியை மடக்குங்க. வழியில பேசிக்கிட்டே வராதீங்க, முக்கியமா அது."

"சரிக்கா" என்றார் பாஸ்டர், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

அவள் மறுபடி உட்கார்ந்து தட்டை இழுத்துக்கொண்டாள். நாங்கள் வெளியே இறங்கும்போது நேரி தன் தட்டை நீட்டி அவளிடம் இன்னொரு ரொட்டி கேட்டுக்கொண்டிருந்தார்.