சிந்தாமணிக்கு ஒரு மெழுகுத்தட்டு

காசிநாதன் ஒலிப்பதிவுக்காரர். பட்டணத்தில் ஒரு இசைத்தட்டு கம்பெனியில் பதினைந்து வருட உத்தியோகம். பதிவு நடக்கும்போது இருமிய பெரிய வித்வான்களையே அதட்டி வெளியே அனுப்பிய மகானுபாவர். 1946 தை மாதம், ஒப்பாரி ஒன்று பதிந்துகொண்டு வரும்படி கம்பெனி அவரை அரியலூருக்கு ரயிலேற்றிவிட்டது. வெறுங்கையோடு வந்தால் வேலை இல்லை என்றும் மேனேஜர் சொல்லிவிட்டார்.

எதிரொலி வராமலிருக்க நிலக்கடலை மூட்டைகள் அடுக்கிய கிடங்கு ஒன்றைப் பிடித்தார். எந்திரமும் மைக்கும் ஒரே கூரைக்குக் கீழே, வேறு வழியில்லை; அவர் இருமினாலும் பதிந்துவிடும். ஜெயங்கொண்டத்துப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்த பஞ்சவர்ணம், சாவு வீடுகளில் பாடிப் பேரெடுத்தவள். மைக்கைக் கண்டு அவள் மிரளவில்லை.

“செத்தவங்க பேரு என்னங்க?” என்றாள்.

“யாரும் சாகலம்மா. சும்மா பாடுங்க, போதும்.”

“பேரில்லாம எப்படிங்க பாடறது? ஆளில்லாத ஒப்பாரி இருக்கிறவங்க தலையில வந்து விடியும். நான் மாட்டேன்.”

கெஞ்சிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். அவள் புடவையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

“சிந்தாமணி,” என்றார் காசிநாதன். “என் சம்சாரம்.”

நாலு வருடத்துக்கு முன் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது சிந்தாமணி காய்ச்சலில் கிடந்தாள். அவள் கண்ணை மூடிய அன்று தெருவில் ஒரு வீட்டிலும் ஆளில்லை. அழுவதற்கு ஒரு பெண்பிள்ளை கிடையாது. காசிநாதனும் அழவில்லை. தூக்க நாலு பேரைத் தேடி அலைந்ததிலேயே அன்றைய பொழுது போய்விட்டது.

பஞ்சவர்ணம் எல்லாவற்றையும் விவரமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு உட்கார்ந்தாள். சுழலும் மெழுகுத்தட்டில் அவர் ஊசியை இறக்கிக் கையை உயர்த்தியதும் பாட ஆரம்பித்தாள். சாத்திக் கிடந்த கதவுகளையெல்லாம் வீடு வீடாகச் சொல்லி ஏசினாள். தலைமாட்டில் உட்காராமல் போன பெண்களைக் கேள்வி கேட்டாள். தட்டு முடிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அப்போது காசிநாதனிடமிருந்து ஒரு விசும்பல் வெடித்தது. அவர் வாயைப் பொத்துவதற்குள் ஊசி அதையும் மெழுகில் கீறிவிட்டது.

“கெட்டுப்போச்சு,” என்றார். “இன்னொரு தட்டு இருக்கு. மறுபடி ஒரு தடவ பாடுங்கம்மா.”

“அழுது அனுப்பியாச்சுங்க. அனுப்புனவங்கள திரும்பக் கூப்புடக் கூடாது. உங்களுக்கு வேற யாராச்சும் போயிருந்தா சொல்லுங்க, பாடறேன்.”

காசிநாதன் யோசித்தார். அனாதை விடுதியில் வளர்ந்தவருக்குப் பெற்றவர்களின் பெயர்கூடத் தெரியாது. அவருக்கென்று இந்த உலகத்தில் இருந்தவளே ஒருத்திதான்.

“வேற யாரும் இல்லம்மா.”

பஞ்சவர்ணம் சாவு வீட்டிலிருந்து கிளம்புவதுபோல், சொல்லிக்கொள்ளாமலே எழுந்து போனாள்.

மெழுகுத்தட்டை ஒருமுறை ஓட்டிக் கேட்டாலே அதன் கோடுகள் சிதைந்துவிடும். பிறகு அதிலிருந்து இசைத்தட்டு எடுக்க முடியாது. கேட்காமல் அனுப்பினாலோ, மேனேஜர் விசும்பலைக் கேட்டுவிட்டு வேண்டாமென்று ஒதுக்கிவிடுவார். காசிநாதன் கதவைச் சாத்திவிட்டு வந்து, தட்டைச் சுழலவிட்டு ஊசியை வைத்தார்.

பஞ்சவர்ணம் சிந்தாமணியைக் கூப்பிட்டு அழுதாள். முடியப்போகிற நேரத்தில் ஒரு ஆண்பிள்ளையும் சேர்ந்து அழுதான். அழட்டும் என்று காசிநாதன் கேட்டுக்கொண்டிருந்தார்.