முன்னால் ஓடியவர்

1963 ஆவணி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாழ்ப்பாணத்து உரும்பிராய்ச் சவாரித் திடலில், முன்னால் வந்துகொண்டிருந்த மாட்டுவண்டி முடிவுக்கோட்டைத் தாண்டாமல் நின்றது.

1

இந்தக் கதை எனக்குப் பகிடியாகத்தான் வந்து சேர்ந்தது. கொக்குவிலில் லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிற தில்லைநாதன் சொன்னார். அந்தக் காலத்தில் வண்டிச் சவாரிகளுக்கு மைக்கில் வர்ணனை சொன்னவரும் அவர்தான். கேட்டபோது சிரித்தேன். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தபோது சிரிப்பு வரவில்லை.

முதலில் எழுதியது: "புழுதி கிளம்பியது. இரண்டு சோடி மாடுகளும் ஒன்றையொன்று..."

நிறுத்திவிட்டேன். புழுதியில் தொடங்கினால் வாசகர் உடனே ஒரு பக்கம் சேர்ந்துவிடுகிறார். அநேகமாகப் பின்னால் வருகிறவரின் பக்கம்.

(இது கௌபோய் படங்கள் எங்களுக்குப் பழக்கியது. இரண்டு குதிரைகள் ஓடினால், முன்னால் போகிறவன் எதையோ எடுத்துக்கொண்டு ஓடுகிறான். நியாயம் துரத்துகிறவனிடம் இருக்கிறது. யாழ்ப்பாணத் தியேட்டர்களில் ஆங்கிலம் விளங்காத மலிவு டிக்கெட் கலரியும் சரியான இடத்தில் விசிலடித்தது இதனால்தான். சவாரியில் கணக்கு வேறு. முன்னால் வருகிறவர் வென்றவர். அவ்வளவுதான்.)

2

சோமசேகரம் உரும்பிராயில் வெங்காயமும் புகையிலையும் பயிர்செய்தவர். சவாரியில் அவர் ஓட்டிய வெள்ளை மாட்டுச் சோடி வீட்டில் பிறந்த கன்றுகள். கஞ்சி வைத்து வளர்த்தவர் மனைவி சிவக்கொழுந்து.

அந்த வருடம் சித்திரைச் சவாரியில் தில்லைநாதன் மைக்கைப் பிடித்தார். முதல்நாள்தான் ஒரு கௌபோய் படம் பார்த்திருந்தார்.

"பாங்கை உடைச்சுப்போட்டு ஓடுறார் சோமசேகரத்தார். பின்னாலை ஷெரிப் வாறார். பிடி, பிடி, கள்ளனைப் பிடி."

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சோமசேகரமும் சிரித்தார். அன்று வென்றவர் அவர்.

அடுத்த சவாரியில் சனமே சேர்ந்து கத்தியது. பிறகு தேத்தண்ணிக் கடையில், "கள்ளண்ணை, இதிலை இருங்கோ." அதற்கும் சிரித்தார்.

(சிரித்தார் என்று எழுதுவது சுலபம். எப்படிச் சிரித்தார் என்பது தில்லைநாதனுக்கு நினைவில்லை.)

ஆனியில் அளவெட்டியில் யாரோ ஒருவருடைய நாம்பன் மாடு காணாமற்போனது. அந்தக் கிழமை கிணற்றடியில் ஒருத்தி சிவக்கொழுந்தைக் கேட்டாள்: "உங்கடை வெள்ளையள் எங்கை வாங்கினது, அக்கா?"

சிவக்கொழுந்து வீட்டுக்கு வந்து வாளியை வைத்தார்.

"எங்கடை பட்டியிலை பிறந்ததுகள் எண்டன். அவள் சிரிக்கிறாள். இஞ்சாருங்கோ, நீங்கள் சிரிச்சுச் சிரிச்சுத்தான் இது இவ்வளவுக்கு வந்தது."

3

சோமசேகரம் தில்லைநாதனின் கடைக்குப் போனார்.

"தம்பி, அந்தப் பேரை விடு."

"அது பேரில்லை அண்ணை, ஒரு ஸ்டைல். வாங்கோ, காட்டுறன்."

இருவரும் மெட்னி ஷோவுக்குப் போனார்கள். திரையில் துரத்தல் நடந்துகொண்டிருந்தது.

"முன்னாலை போறவன் நல்லா ஓடுறான்," என்றார் சோமசேகரம்.

"ஓம் அண்ணை."

"பின்னை ஏன் அவனுக்கு ஒருத்தரும் கைதட்டேல்லை?"

"அவன் பிடிபடோணுமெல்லே."

"அவன் ஒண்டும் எடுக்கேல்லை எண்டால்?"

"எடுக்காதவன் ஏன் ஓடுறான்?"

"நிண்டு, நான் எடுக்கேல்லை எண்டு சொல்லலாமே."

"நிண்டால் படம் முடிஞ்சுபோம்."

பின்வரிசையில் ஒருவர், "ஐயாமார், குதிரைக்குப் புல்லுப் போடுறதெண்டால் வெளியிலை கொண்டுபோய்ப் போடுங்கோ," என்றார்.

("எடுக்காதவன் ஏன் ஓடுறான்" என்று தான் கேட்டதாகத் தில்லைநாதன் சொல்லவில்லை. நான் அவர் வாயில் வைத்தேன். வாசித்துப் பார்த்தபோது புரிந்தது: இப்போது அவரை முன்னால் ஓடவிட்டு நான் துரத்துகிறேன். அவர் கெட்ட மனிதரல்ல. இனி அந்தச் சொல்லை எடுப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தார். காப்பாற்றியும் இருக்கிறார்.)

4

ஆவணிச் சவாரியில் மைக் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. சனத்துக்கு மைக் தேவைப்படவுமில்லை. வெள்ளைச் சோடி முன்னால் வந்தது. தடுப்புக் கயிறுகளுக்கு வெளியே இரண்டு பக்கமும் சனம், "கள்ளனைப் பிடி."

சோமசேகரம் மாடுகளின் மூக்கில் பூட்டிய நாணயக் கயிற்றை இழுத்தார். மாடுகள் நின்றன. அவர் வண்டியில் எழும்பி, சனத்தின் பக்கம் திரும்பி, ஏதோ சொன்னார். அந்த நேரம் மற்ற வண்டி அவரைக் கடந்து கோட்டைத் தாண்டியது. லவுட்ஸ்பீக்கர் வென்றவரின் பெயரைச் சொன்னது. சோமசேகரம் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை.

அவர் சொன்னதாக மூன்று வசனங்கள் எழுதிப் பார்த்தேன்.

"நான் என்னத்தை எடுத்தனான்?" இது படத்து வசனம்.

ஒரு தூஷணம். இருக்கலாம்.

"இதுகளின்ரை தாய் எங்கடை பட்டியிலைதான் நிண்டது." இது எனக்குப் பிடித்தது, அதனால் நம்பவில்லை.

வேறொரு முடிவும் எழுதினேன். அதில் அவர் கயிற்றை இழுக்கவில்லை. கோட்டைத் தாண்டி வெல்கிறார். ஆனால் அப்படி வென்றால், கள்ளன் தப்பிவிட்டான் என்றுதான் சனம் சொல்லும். நின்றபோது, பிடிபட்டான் என்று சொன்னது. மூன்றாவது வழி ஒன்றை இந்தக் கதைக்குள் அவருக்காகத் தேடினேன், அது

கிடைக்கவில்லை. அவர் சொன்னதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். இடம் விட்டிருக்கிறேன்.

"........................................"

5

பரிசு பின்னால் வந்த வண்டிக்குக் கொடுக்கப்பட்டது. அளவெட்டி நாம்பன் புரட்டாதியில் தானாகவே வீடு திரும்பியது. வெள்ளைச் சோடியைச் சோமசேகரம் பிறகு ஏரில் பூட்டினார். அவர் 1974இல் காலமானார். அவருடைய வீட்டுக்குப் போகிற ஒழுங்கையை உரும்பிராயில் கள்ளன் ஒழுங்கை என்கிறார்கள்.