பூட்டுப்பெட்டியின் எண்

"இன்னும் கொஞ்சம் பலமா இழுங்க மேடம்," என்றான் துப்பாக்கிக் கடைக்காரன் வெஸ்லி.

ஆர்டித் இழுத்தாள். பிஸ்டலின் மேல்தகடு பாதித் தூரம் பின்னுக்கு வந்து, அவளுடைய கட்டைவிரலின் பலம் தீர்ந்ததும் மீண்டும் தன் இடத்திற்கே சறுக்கிப் போயிற்று. அதன் ஓரத்திலிருந்த வரிப்பள்ளங்கள் அவள் உள்ளங்கையில் சிவந்த கோடுகளைப் பதித்தன. கண்ணாடிப் பேழையின்மேல், பச்சை விரிப்பில், அவள் ஏற்கெனவே வேண்டாமென்று வைத்த கைத்துப்பாக்கிகள் கிடந்தன. ஒன்று கனம் மிகுந்தது. ஒன்று அவள் கைக்குப் பெரியது. இன்னொன்றின் பிடி இளஞ்சிவப்பு நிறம், அதைக் கண்டதுமே, "இது எதுக்கு, திருடன் சிரிச்சே சாகறதுக்கா?" என்று கேட்டுத் தள்ளி வைத்திருந்தாள்.

முதியோர் இல்லத்தில் நோயாளிகளைத் தூக்கியும் புரட்டியும் தேய்ந்துபோன கைகள் அவளுடையவை. பிடிவாதம் மட்டும் தேயவில்லை. வசந்த காலத்தில், பக்கத்து வீட்டு ஓபலின் சமையலறைக் கதவை யாரோ உதைத்துத் திறந்து, அவளுடைய முதுகுவலி மாத்திரைகளை அள்ளிச் சென்றார்கள். ஷெரிஃப் அலுவலகத்துக் காவலர் மலைச்சாலையில் ஏறி வந்து சேர்வதற்குள் ஓபல் இரண்டு முறை காப்பி போட்டுக் குடித்து முடித்திருந்தாள். அன்றிலிருந்து ஆர்டித் தனக்கு ஒரு கைத்துப்பாக்கி வேண்டுமென்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய கணவன் டெல்மர் வேண்டாமென்று சொல்லிக்கொண்டிருந்தான்.

இத்தனைக்கும் அவன் துப்பாக்கி அறியாதவன் அல்லன். மான்வேட்டைக்குரிய மூன்று ரைஃபிள்கள் அவர்கள் வீட்டு முன்னறைச் சுவரில் மாட்டப்பட்டிருந்தன. ஆகவே அவன் மறுப்பு அவளுக்கு விளங்கவே இல்லை. ஒரு முறை, பாத்திரம் துடைத்துக்கொண்டிருக்கையில், அவன் காரணம் போன்ற ஒன்றைச் சொன்னான். "ரைஃபிள எடுக்கணும்னா எழுந்து போகணும் ஆர்டி. இது எப்பவும் கைக்கெட்டுற தூரத்துல இருக்கும்." அவள் சிரித்தாள். "இருந்தா என்ன? நம்ம வீட்டுல குழந்தையா இருக்கு, எடுத்து விளையாட?" என்றாள். அவன் துடைத்த தட்டையே திரும்பவும் துடைத்தான்.

இப்போது அவன் கடைவாசலருகே, மான்களுக்கு வைக்கும் உப்புக்கட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில், ஒரு மர ஸ்டூலில் அமர்ந்திருந்தான். தொப்பி முழங்காலின்மேல் இருந்தது. அவன் முகம் சற்று வெளிறியிருந்ததை அவள் கவனித்தாள். வர விருப்பமில்லாமல் வந்த முகம் என்றுதான் எண்ணிக்கொண்டாள்.

"அவனப் பாரு வெஸ்லி," என்றாள் உரக்க. "சுவத்துல மூணு ரைஃபிள மாட்டி வச்சிருக்கான். உள்ளங்கை அளவு இருக்கிற இதக் கண்டா பயம்."

தோட்டா வாங்க வந்திருந்த இருவர் சிரித்தார்கள். "உன் பொண்டாட்டி உன்னவிட நல்லா சுட்டுடுவான்னு பயமா டெல்மர்?" என்று அவர்களில் ஒருவன் கேட்டான்.

"அவ நாக்குக்கே நான் இன்னும் கவசம் வாங்கல," என்றான் டெல்மர். கடை முழுவதும் மறுபடி சிரித்தது. அவனும் சிரித்தான். பிறகு எழுந்து, மெதுவாக நடந்து, பேழையருகே வந்து நின்றான். விரிப்பில் கிடந்தவற்றை அவன் தொடவில்லை. கைகளைக் கால்சட்டைப் பைகளுக்குள் வைத்துக்கொண்டே, கண்ணாடிக்குள் கீழ்த்தட்டில் இருந்த ஒரு சிறிய ரிவால்வரை முகவாயால் காட்டினான்.

"அதக் குடு தம்பி. அவ கட்டைவிரல் மூட்டு போயிடுச்சு. இழுக்கிற வேலை இல்லாததா இருக்கட்டும்."

அது அவள் கைக்காகவே செய்ததுபோல் பொருந்தியது. கோடை முழுவதும் வேண்டாமென்றவன் ஒரே பார்வையில் சரியானதைக் கண்டெடுத்தது அவளுக்கு வியப்பாகவும், சற்று எரிச்சலாகவும் இருந்தது. வெஸ்லி அவள் விவரங்களைத் தொலைபேசியில் சொல்லி, துப்பாக்கி வாங்குபவர்மேல் குற்றப்பதிவு உண்டா என்று பார்க்கும் பின்னணிச் சோதனைக்குக் காத்திருந்தான். அந்த இடைவெளியில் டெல்மர் அலமாரியிலிருந்த ஒரு பூட்டுப்பெட்டியைத் தானே எடுத்து வந்தான். ரொட்டி ஒன்று கொள்ளும் அளவுள்ள எஃகுப் பெட்டி. மூடியில் எண்பொத்தான்கள் இருந்தன.

"ரிவால்வர் எப்பவும் இதுக்குள்ளதான். நம்பர நீயே போடு," என்றான். "எனக்குச் சொல்லாத."

"ஏன், கோவமா?"

"சொல்லாத ஆர்டி. அவ்வளவுதான்."

அவள் வெஸ்லியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். டெல்மர் ஸ்டூலுக்குத் திரும்பினான். அடுத்த ஓசை, உப்புக்கட்டி ஒன்று தரையில் விழுந்து உடைந்த ஓசை. அதன்பின் தொப்பி உருண்டது. விழுந்தவன் தன் கணவன் என்பது அவளுக்கு உறைப்பதற்கு முன்பே வெஸ்லி பேழையைத் தாண்டிக் குதித்து, அவன் மார்பின்மேல் இரு கைகளையும் வைத்து அழுத்தத் தொடங்கியிருந்தான். எத்தனையோ முதியவர்களுக்கு அதைச் செய்தவள் ஆர்டித். செய்முறை முழுவதும் அவளுக்குத் தெரியும். ஆயினும் அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். கையில் எதையோ பிடித்திருக்கிறோம் என்று உணர்ந்து, அந்த ரிவால்வரைப் பச்சை விரிப்பின்மேல் ஓசைப்படாமல் வைத்தாள்.

மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருத்தி அவளை அமரச் சொல்லி, இதயம் நின்றுவிட்டதென்றும், வலி நெடுநேரம் இருந்திராதென்றும் சொன்னாள். ஆர்டித் தலையசைத்தாள். பின்னர், தங்கள் வண்டியைப் பூட்டினார்களா என்று கேட்டாள். மருத்துவருக்குத் தெரியவில்லை. அதையே தாதியிடமும் கேட்டாள். வண்டியை ஓட்டிவந்த வெஸ்லி, பூட்டிவிட்டதாகவும், டெல்மர் எடுத்த பூட்டுப்பெட்டி முன்னிருக்கையில் இருப்பதாகவும் சொல்லிச் சாவியை அவள் கையில் வைத்தான். சாவியை வாங்கும்போதுதான் அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். சிவந்த கோடுகள் இன்னும் அங்கேயே இருந்தன. அவை மறைவதற்குள் ஒரு மனிதன் இல்லாமற் போய்விட முடியும் என்பதை அவளால் நம்ப முடியவில்லை.

இறப்புச் செய்தி பத்திரிகையில் வந்தால், அடக்கம் நடைபெறும் நேரமும் உடன் வரும். அந்த நேரத்தில் வீடு காலியாக இருக்கும் என்பது திருடனுக்கும் தெரியும். ஆகையால் அந்த மலைச்சாலையில் யார் இறந்தாலும், ஒருவர் மட்டும் தேவாலயத்திற்குப் போகாமல் இறந்தவரின் வீட்டில் காவல் இருப்பது வழக்கம். டெல்மரின் அடக்கத்திற்கு ஓபல் இருந்தாள். அனைவரும் திரும்பி வந்தபோது, அவள் உணவு மேசையருகே, மடிமீது வேட்டைத் துப்பாக்கியுடன், கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஒருத்தனும் வரல," என்றாள் குறையோடு. "வந்திருந்தா ஒரு துண்டு கேக் குடுத்துட்டு அப்புறம் சுட்டிருப்பேன்."

பன்றித்தொடை இறைச்சியும், பீன்ஸ் வேகவைத்த தட்டுகளும், மசாலா வைத்த முட்டைகளும் மேசையை நிறைத்தன. தட்டு ஏந்திய ஆண்கள் ஒவ்வொருவராக ஆர்டித்திடம் வந்து, முதலில் டெல்மரைப் பற்றி ஒரு நல்ல சொல் சொன்னார்கள்; அடுத்ததாக, இனி அவள் தனியாக இருக்கப்போவதால் கையில் ஏதாவது வைத்துக்கொள்வது நல்லது என்றார்கள். ஒருவர் தம்முடையதையே தருவதாகச் சொன்னார். கோடை முழுவதும் அவள் வாதாடிக் கேட்டதை இப்போது ஊரே அவள்மேல் திணித்தது. மறுப்பதற்கு வீட்டில் யாரும் இல்லை. அந்த எண்ணம் அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைக்கச் செய்தது.

வெஸ்லியும் வந்திருந்தான். கழுத்துப்பட்டை அவனுக்குப் பழக்கமில்லை. அடிக்கடி அதைத் தளர்த்திக்கொண்டான். சோதனை சரியாக வந்துவிட்டதென்றும், ரிவால்வர் அவள் பெயர் எழுதிய சீட்டுடன் கடையில் இருக்கிறதென்றும் தாழ்ந்த குரலில் சொன்னான்.

"எப்ப வேணா வந்து வாங்கிக்கலாம் மேடம். அவசரமில்ல."

அவள் பதில் சொல்வதற்குள், டெல்மரின் தம்பி ஹார்லன் அவள் முழங்கையைத் தொட்டான். ஒரு நிமிடம் வர முடியுமா என்றான். உயரமான, குறைவாகப் பேசுகிற மனிதன். சாலையின் அடிவாரத்தில் மாட்டுப்பண்ணை வைத்திருந்தான். பின்னறைக்குள் சென்றதும் கதவைச் சாத்தினான். கோட்டுப் பையிலிருந்து, முடிச்சிட்ட ஒரு கம்பளிக் காலுறையை எடுத்துக் கட்டில்மேல் வைத்தான். மெத்தை அந்த இடத்தில் அழுந்தியது.

"டெல்மரோட சாமான். எங்கிட்ட இருந்துச்சு."

அவள் முடிச்சை அவிழ்த்தாள். எண்ணெய் பூசிய மூன்று எஃகுத் தண்டுகள், ஒவ்வொன்றிலும் குமிழ் வைத்த ஒரு கைப்பிடி. அவை என்னவென்று அவளுக்குத் தெரியவில்லை.

"போல்ட்டு," என்றான் ஹார்லன். "முன்ரூம் சுவத்துல இருக்கே மூணு ரைஃபிள், அதோடது. இது இல்லாம சுட முடியாது, அதெல்லாம் வெறும் குழாய்."

"எதுக்கு உங்கிட்ட இருக்கு?"

அவன் ஜன்னல் வழியே வெளியே பார்த்தான். "அவன் வேலை பார்த்த மில்ல மூடினாங்கல்ல. அந்தக் குளிர்காலத்துலேருந்து இருக்கு."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். அந்த ஊரில் ஒருவன் மனம் கவிழ்ந்து, வாழ்வதில் பிடிப்பற்றுக் கிடக்கும் காலத்தில், அவனுடைய தம்பியோ நண்பனோ வந்து, துப்பாக்கிகளைக் கொஞ்ச நாள் தான் வைத்திருப்பதாகச் சொல்லி எடுத்துச் செல்வது உண்டு. காரணம் பேசப்படுவதில்லை. ஆள் தேறியதும் அவை சத்தமின்றித் திரும்பி வரும். ஆர்டித்துக்கு அது தெரியும். வேலை செய்யும் இடத்தில் ஒருத்தியின் கணவனுக்கு அப்படி நடந்தபோது, அவளே உடனிருந்து துப்பாக்கிகளைப் போர்வையில் சுற்றிக் கொடுத்திருக்கிறாள். மில் மூடிய குளிர்காலத்தில் டெல்மர் பகல் முழுவதும் வீட்டுப் பட்டறைக்குள் இருந்தான். மான்வேட்டைக்குப் போகாததற்கு முழங்கால் வலியைக் காரணம் சொன்னான். அவள் முழங்காலுக்குத் தைலம் வாங்கி வந்து தேய்த்துவிட்டாள்.

"நீ போய்க் கேட்டியா?" என்றாள்.

"இல்ல. அவனே கொண்டாந்தான். நான் மாட்டுக்குத் தீனி வச்சிட்டிருந்தேன். 'இத வச்சிரு'ன்னான். ரைஃபிளயே குடுத்துட வேண்டியதுதானேன்னு கேட்டேன். சுவரு காலியாத் தெரிஞ்சா நீ கேப்பேன்னான்."

வாரந்தோறும் அவள் அந்த ரைஃபிள்களின்மேல் தூசி துடைத்திருக்கிறாள். கடிகாரத்தையும் திருமணப் படத்தையும் துடைப்பதுபோல் துடைத்திருக்கிறாள். எதுவும் குறைவதாக அவளுக்குத் தோன்றியதில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஹார்லன்."

"சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டான்." அவன் தொண்டையைச் செருமினான். "அன்னைக்குக் காலைல கடைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஃபோன் பண்ணான். 'ஆர்டி கேக்கறது நியாயந்தான். அவ வேலை முடிஞ்சு இருட்டுல தனியா வர்றா. இன்னும் எத்தன நாளு மாட்டேங்கறது'ன்னான். அவ மட்டும் தொறக்கற மாதிரி ஒரு பெட்டி பாத்து வாங்கிடறேன்னான்."

அடுத்த அறையிலிருந்து கரண்டிகளின் ஓசையும் ஓபலின் சிரிப்பும் கேட்டன.

"தேறிட்டான் ஆர்டித்," என்றான் ஹார்லன். "இந்த நவம்பர்ல போல்ட்டத் திருப்பிக் கேப்பேன்னான். தேறிட்டுத்தான் இருந்தான்."

"கடையில எல்லாரும் சிரிச்சாங்க," என்றாள் அவள்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல."

அவள் தோளில் கை வைக்க எண்ணியவன்போல் கையைத் தூக்கி, பிறகு தன் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

பிற்பகல் சாய்ந்தபோது வண்டிகள் ஒவ்வொன்றாக இறங்கிச் சென்றன. கடைசியில் நின்றவன் வெஸ்லி. அந்த ரிவால்வர் கொஞ்ச நாள் கடையிலேயே இருக்கட்டும் என்று ஆர்டித் அவனிடம் சொன்னாள். எவ்வளவு நாள் என்று அவன் கேட்கவில்லை, சரியென்று தலையசைத்தான். ஓபல் மட்டும் போக மனமில்லாமல், தன் துப்பாக்கியை விட்டுச் செல்லவா என்று கேட்டாள். ஆர்டித் அவளுக்கு மீதிக் கேக்கைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

பிறகு அவள் வண்டிக்குச் சென்று, முன்னிருக்கையிலிருந்த பூட்டுப்பெட்டியைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தாள். எதிரே டெல்மரின் நாற்காலி, அடக்கத்திற்கு வந்த யாரோ உட்கார்ந்து எழுந்ததில், சற்றுக் கோணலாக இருந்தது. அதை நேராக்கினாள். மூன்று போல்ட்டுகளையும் காலுறையோடு பெட்டிக்குள் வைத்தாள். உள்ளே இருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். புதிய எண்ணுக்காகக் காத்திருக்கும் சிறு விளக்கு மினுங்கத் தொடங்கியது.

அவள் நெடுநேரம் யோசித்தாள். பின்னர் இடது கையைக் குவித்து, அந்த நாற்காலியின் பக்கமிருந்து பொத்தான்கள் தெரியாதபடி மறைத்துக்கொண்டு, எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள்.