சகலையின் ரிவர்ஸ் கியர்

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அந்த மெத்தைக் கடையில் மெத்தை விற்பதில்லை. அன்று அங்கே தோல்வியை ஆராய்வார்கள். பச்சைச் சட்டைக் கால்பந்து அணி எங்கே போய் உதை வாங்கினாலும், அதன் ரசிகர் சங்கம் நேராக இங்கே வந்து, பார்வைக்குப் போட்டிருக்கும் பெரிய மெத்தையைச் சுற்றி உட்கார்ந்துவிடும். கடைக்காரர் தலையணைகளை எடுத்து மெத்தைமேல் பரப்புவார். பெரியவை டிஃபென்ஸ், சின்னவை மிட்ஃபீல்டு, உருளைத் தலையணை கோல்கீப்பர். உருளை எங்கே வைத்தாலும் தானாக உருண்டு ஓரத்துக்குப் போய்விடும் என்பதால், பொருத்தம் கச்சிதம் என்று சங்கம் ஒருமனதாக ஒப்புக்கொண்டிருந்தது.

கடைக்காரரைக் கோச்சண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். அவர் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டதால் நாளடைவில் மரியாதையாகிவிட்டது. பந்தை அவர் கடைசியாகக் காலால் தொட்டது பள்ளிக்கூடத்தில். அதுவும் வழிதவறி வந்த பந்து. ஆனால் வாயைத் திறந்தால் 'இடைவெளி மேலாண்மை', 'கட்டமைப்புக் குறைபாடு' என்று கொட்டும். பாதி புரியாது. புரியாத பாதிக்குத்தான் சங்கத்து உறுப்பினரான மருந்துக் கடைக்காரர் அதிகமாகத் தலையாட்டுவார். கடைசியில் கோச்சண்ணன் ஒரு தலையணையைத் தட்டி, "இத நான் அப்பவே சொன்னேன்" என்று முடிப்பார். எப்போது சொன்னார் என்று யாரும் கேட்டதில்லை.

இந்த நிம்மதியில்தான் சகலை வந்து விழுந்தான்.

சகலை என்றால் கோச்சண்ணனின் மனைவியின் தங்கை புருஷன். டிரைவிங் ஸ்கூல் வைத்திருப்பவன். மழைநாளிலும் கறுப்புக் கண்ணாடி, கையில் எந்நேரமும் சுழலும் சாவிக்கொத்து. அதே தெருவின் கோடியில் வீடு எடுத்துக் குடிவந்த வாரமே சங்கத்திலும் சேர்ந்துவிட்டான். முதல் ஞாயிற்றுக்கிழமை கோச்சண்ணன் லெஃப்ட் பேக்காக ஆடும் மூன்றாம் நம்பரைப் பற்றி நீளமாகப் பேசிக்கொண்டிருந்தார். பந்தோடு முன்னால் ஓடினால் காற்று. எதிரணி தாக்க வரும்போது பின்னால் திரும்பத் தெரியாது. இதைக் கோச்சண்ணன் 'மீள்நிலைச் சிக்கல்' என்றார். சகலை சாவிக்கொத்தைச் சுழற்றுவதை நிறுத்தினான்.

"அண்ணே, அவன் கண்ணாடி பாக்காம ரிவர்ஸ் எடுக்கறான். வேற ஒண்ணுமில்ல. ரிவர்ஸ் வராதவன எதுக்குப் பார்க்கிங்ல விடறீங்க? ஹைவேல விடுங்க."

சங்கத்திலிருந்த பியூட்டி பார்லர் அக்கா மெத்தையிலேயே சாய்ந்து சிரித்தாள். மருந்துக் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கோச்சண்ணனின் எந்தப் பேச்சுக்கும் அவர் கண்ணில் நீர் வந்ததில்லை.

அன்றிரவு சாப்பாட்டின்போது கோச்சண்ணனின் மனைவி தனக்குள் சிரித்துக்கொண்டாள். என்ன என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, ரிவர்ஸ்" என்றாள். தங்கை போனில் சொல்லிவிட்டாளாம். இத்தனை வருஷக் கல்யாண வாழ்க்கையில் மிட்ஃபீல்டைப் பற்றி அவர் எவ்வளவோ சொல்லியிருக்கிறார். கொட்டாவிக்குமேல் ஒன்றும் வாங்கியதில்லை. பாதிச் சோற்றோடு தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார்.

அதற்குப் பிறகு அவருக்கு வயிறு எரியாத நாளில்லை. அணியில் ஒவ்வொருவனுக்கும் சகலை ஒரு வண்டி கண்டுபிடித்தான். கோல்கீப்பர் ரயில்வே கேட். ரயில் போனபிறகு மூடுகிறவர். கேப்டன் பழைய லாரி; கிளம்பவே பாதி ஆட்டம் ஆகும். சங்கத்தார் இதையெல்லாம் மாவு மில்லிலும் சலூனிலும் சொல்லித் திரிந்தார்கள். கோச்சண்ணனோ சகலை வலது என்றால் இடது என்றார். மூன்றாம் நம்பரை முன்னால் ஆடவிடலாம் என்று சகலை சொன்னதால், நேற்றுவரை அவனைத் திட்டித் தீர்த்த கோச்சண்ணன், அவன் பிறவி டிஃபெண்டர் என்று அடித்துச் சொன்னார். அவனை முன்னால் அனுப்பிய அன்றைக்கு இந்த அணியை மூட்டை கட்டிவிடலாம் என்றார்.

இந்த நேரத்தில் கிளப்பிலிருந்து செய்தி வந்தது. தொடர் தோல்வியால் ரசிகர்கள் கொதித்துப்போயிருந்ததால், ஒவ்வொரு சங்கத்திலிருந்தும் ஒருவரைப் பயிற்சியாளர் நேரில் சந்தித்துக் கருத்துக் கேட்பாராம். நிஜப் பயிற்சியாளர். நேருக்கு நேர் நாற்காலி போட்டு. கோச்சண்ணன் உடனே சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் மருந்துக் கடைக்காரர் இழுத்தார். அடுத்த ஆட்டம் முடியட்டும், அப்புறம் யார் போவது என்று பேசலாம் என்றார். பேசும்போது அவர் பார்வை கறுப்புக் கண்ணாடிமேல் இருந்தது. கோச்சண்ணனுக்குப் புரிந்துவிட்டது.

அந்த ஆட்டத்துக்குச் சங்கம் முழுவதும் ஒரே வரிசையில் உட்கார்ந்தது. தொடங்குவதற்குச் சற்றுமுன் அணியின் முன்கள ஆட்டக்காரனுக்குத் தொடையில் பிடித்துக்கொள்ள, வேறு வழியில்லாமல் மூன்றாம் நம்பரை முன்னால் அனுப்பினார்கள். வரிசை முழுக்க சகலையைத் திரும்பிப் பார்த்தது. சகலை கண்ணாடியை மட்டும் நெற்றிக்கு ஏற்றிக்கொண்டான்.

மூன்றாம் நம்பர் இடதுபக்கம் ஓடினான். ஓடினான், ஓடிக்கொண்டே இருந்தான். திரும்பவேண்டிய அவசியமே இல்லாததால் ஓட்டத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இடைவேளைக்குமுன் அவன் அடித்த பந்து வலையில் போய் விழுந்தது. பியூட்டி பார்லர் அக்கா சகலையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். மருந்துக் கடைக்காரர் கைகுலுக்கினார். கோச்சண்ணனும் கை தட்டினார். கல்யாண வீட்டில் வேண்டாத சொந்தக்காரனுக்கு வணக்கம் வைப்பதுபோல.

இரண்டாம் பாதியில் அவர் பார்த்தது ஆட்டத்தை அல்ல. மூன்றாம் நம்பர் காலி செய்துவிட்டுப் போன இடத்தைத்தான். அங்கே யாராவது நுழையமாட்டார்களா என்று கண் வலிக்கப் பார்த்தார். தாம் என்ன வேண்டிக்கொள்கிறோம் என்பதை அவர் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அடுத்து நடந்தது நடந்திருக்காது.

ஆட்டம் முடியும் தறுவாயில் எதிரணிக்காரன் ஒருவன் அந்தக் காலி இடத்தில் நுழைந்தான். ரயில்வே கேட் மூடவில்லை. கோல்.

அரங்கம் அப்படியே உறைந்தது. அந்த நிசப்தத்தில் ஒரே ஓர் ஆள் மட்டும் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து, இரண்டு கையையும் தூக்கி, முகமெல்லாம் பல்லாகக் கத்தினார்.

"அப்பவே சொன்னேன்!"

முன்வரிசை திரும்பியது. பின்வரிசை எழுந்தது. கழுத்தில் பச்சைத் துண்டு போட்ட ஒரு தடியன், எந்த ஊர்க்காரன்டா நீ என்று கேட்டுக்கொண்டே படியிறங்கி வந்தான். தூக்கிய கையை எங்கே வைப்பது என்று கோச்சண்ணனுக்குத் தெரியவில்லை. சிரிப்பும் முகத்தைவிட்டு இறங்க மறுத்தது. சகலைதான் எழுந்து குறுக்கே நின்றான்.

"இல்ல தம்பி, இவரு நம்ம ஆளுதான். வருத்தத்துல இப்படித்தான் கத்துவாரு. வீட்டுலயும் இதே கதைதான், இவரு சம்சாரத்தக் கேட்டுப் பாரு."

தடியன் கோச்சண்ணனை இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் போனான். அடி வாங்கியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

ஆட்டம் சமனில் முடிந்தது. தோற்றுத் தோற்றுப் பழகியவர்களுக்கு அதுவே வெற்றி. அன்று மெத்தைக் கடையில் தலையணையை யாரும் தொடவில்லை. பேச்சே இல்லாமல் சகலையைத் தேர்ந்தெடுத்தார்கள். கோச்சண்ணன் கல்லாவுக்குப் பின்னால் நின்று, இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆனால் சந்திப்பு நாளன்று தன்னிடம் படிக்கிறவர்களுக்கு லைசென்ஸ் டெஸ்ட் இருக்கிறது, வரமுடியாது என்றான் சகலை. அண்ணனே போகட்டும், அவருக்குத்தான் பேச வரும் என்றான். நல்ல மனசோடுதான் சொன்னான். அதைத்தான் கோச்சண்ணனால் தாங்கமுடியவில்லை. ஆனாலும் இஸ்திரி போட்டு வாங்கிய சட்டையை அவர் வீணாக்கவில்லை.

பயிற்சியாளரின் அறை பார்வையாளர் படிகளுக்கு அடியில் இருந்தது. தைல வாடை, மூலையில் ஈரக் காலுறைக் குவியல். பயிற்சியாளர் பல நாள் தூங்காதவர்போல இருந்தார். ஆரஞ்சு உரித்துக்கொண்டே, "சொல்லுங்க" என்றார். கோச்சண்ணன் இடைவெளி மேலாண்மையில் ஆரம்பித்தார். கட்டமைப்புக்கு வருவதற்குள் பயிற்சியாளரின் இமை இறங்கத் தொடங்கியது. இரண்டு சுளைகளுக்கு நடுவே தலை ஒருமுறை ஆடி நின்றது.

கோச்சண்ணனுக்கு வியர்த்தது. வாழ்நாளில் ஒரே ஒரு வாய்ப்பு, அதுவும் கண்முன்னால் தூங்கிப்போகிறது. அவர் வாய் அவரைக் கேட்காமலே திறந்தது.

"சார், உங்க எட்டாம் நம்பர் லெஃப்ட்ல இண்டிகேட்டர் போட்டுட்டு ரைட்ல திரும்பறான் சார். பின்னால வர்றவன் எல்லாம் மோதிக்கறான்."

பயிற்சியாளர் கண்ணைத் திறந்தார். சுளையைத் தட்டில் வைத்துவிட்டுச் சிரித்தார். சுவர் பக்கம் திரும்பி, தோள் குலுங்க, நெடுநேரம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னும் சொல்லுங்க என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். கோச்சண்ணன் சொன்னார். கிளட்ச் சொன்னார், ஹேண்ட் பிரேக் சொன்னார், ஓவர்டேக் சொன்னார். சகலைகூட யோசித்திராத வண்டிகள் வரிசைகட்டி வந்தன. ஒதுக்கிய நேரம் முடிந்தும் பயிற்சியாளர் அவரை எழவிடவில்லை.

"பிரமாதமா பேசறீங்க" என்றார் கடைசியில். "டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கீங்களா?"

"இல்லைங்க, மெத்தைக் கடை. டிரைவிங் ஸ்கூல் என் சகலை வச்சிருக்கான்."

"அடடா, அவரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே. அவரும் ஃபுட்பால் பாப்பாரா?"

கோச்சண்ணன் எழுந்து, சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"பாப்பான் சார்" என்றார். "ஆனா பாவம், அவனுக்கு அவ்வளவா புரியாது."