உரிக்காத பூண்டு

“அந்த டப்பாவை எடுத்து மேஜை மேல வைங்க சார். லேபிளை நான் பாக்கணும்.”

பெருங்களத்தூரில் ஒரு மாடியில் நடந்த பூச்சிமருந்துக் கம்பெனி அது. எப்சி வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி சுப்ரமணியன் சொல்லிவைத்திருந்தார்: போனை எடு, தேதி கொடு, என்ன மருந்துன்னு மட்டும் என்னைக்கும் கேக்காதே. எட்டு மாதம் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்டுவிட்டாள்.

மாடம்பாக்கத்துப் பட்டு மாமியின் மகள் ஸ்நேகாவுக்குக் குழந்தை பிறந்து நாலு நாள். பிள்ளை பெற்றவள் படுக்க வேண்டிய கட்டிலில் மூட்டைப்பூச்சி. இரண்டு முறை மருந்து அடித்தும், கத்திரி வெயிலுக்கு அது பெருகியதே தவிரக் குறையவில்லை. காலையில் கம்பெனியில் மருந்தடிக்கும் துளசிங்கம் மூன்றாம் முறையாகப் போய்வந்தார்.

மூன்று மணிக்கு மாமி போன் செய்தார். “ஏம்மா, ரூம்ல பூண்டு வாசனை தூக்கறதே! பத்தியத்துக்குப் பூண்டு வாங்கி வெச்சிருக்கேன், வாஸ்தவம்தான். இன்னும் ஒரு பல்லுகூட உரிக்கலையே? பச்சைக் குழந்தைக்குக் காத்து படப்படாதுன்னு ஜன்னலெல்லாம் அடைச்சு, கதவிடுக்குல துணி வேற சொருகியிருக்கேன். இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, நாலரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள ஸ்நேகாவையும் குழந்தையையும் ஆஸ்பத்திரிலேர்ந்து அழைச்சுண்டு வந்துடணும்.”

எப்சி வாயைத் திறப்பதற்குள் சுப்ரமணியன் ரிசீவரைப் பிடுங்கினார். “மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம் மாமி. தாராளமா கூட்டிட்டு வாங்க.”

அந்த வாசனை எப்சிக்குத் தெரியும். அப்பா நெல் குடோனில் மூட்டை தூக்கியவர். நெல்லில் வண்டு சாக விஷ மாத்திரை போட்டுத் தார்ப்பாய் மூடும் நாட்களில் அவர் சட்டையில் அதுதான் வீசும். ஒருமுறை தார்ப்பாய்க்குள் நுழைந்த நாய் திரும்பி வரவில்லை. கெமிஸ்ட்ரி பட்டம் பின்னால் வந்து அந்த விஷவாயுவுக்குப் பெயர் மட்டும் சொன்னது.

“துளசிங்கண்ணா, நீங்க சொல்லுங்க. என்ன வெச்சீங்க?”

“ஸ்ப்ரேக்கு சாவலம்மா. சார் குட்த்த மாத்திரைதான், கட்டிலுக்கு அடீல வெச்சேன். எனக்கே காத்தாலேர்ந்து நெஞ்சு ஒரு மாரி அடைச்சுகினு கீது.”

“வாயை மூடுய்யா!” சுப்ரமணியன் எப்சி பக்கம் திரும்பினார். “உன் குடும்பத்துலயே முதல்ல பேனா பிடிச்சவ நீதான். அதுக்குள்ள டாக்டர் ஆயிட்டியா?”

“ஆமா சார், முதல்ல பிடிச்சது நான்தான். அதனாலதான் எழுதியிருக்கிறதைப் படிக்காம விடமாட்டேன்.”

மேஜைக்கு அடியிலிருந்த காலி டப்பாவை அவளே எடுத்தாள். லேபிளைப் பாதி சுரண்டியிருந்தார்கள். மிச்சமிருந்தது ஒரு மண்டையோடும் ஒரு வரியும்: குடியிருக்கும் வீடுகளில் பயன்படுத்தக் கூடாது.

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று ஐம்பது. மாமியின் எண் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. டிஸ்சார்ஜ் அவசரத்தில் கைப்பைக்குள் கிடக்கும் போன். அங்கே அந்த அறை மாமியின் கைப்பக்குவத்தில் இடுக்குவிடாமல் மூடிக் காத்திருந்தது.

சுப்ரமணியன் வாசலை மறித்தார். குரல் தணிந்திருந்தது. “எப்சி, இந்தப் படியில இறங்கினா தாம்பரத்துல ஒருத்தனும் உனக்கு வேலை குடுக்க மாட்டான்.”

அவள் டப்பாவைப் பைக்குள் போட்டாள். “அண்ணா, நீங்க நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. மாத்திரைன்னு சொல்லுங்க, மறைக்காதீங்க.” போனில் நூறு என்று அழுத்திக் காதில் வைத்துக்கொண்டாள். “தள்ளுங்க சார்.”

அவர் நகரவில்லை. அவரை இடித்துக்கொண்டே வெளியேறி, மாடம்பாக்கத்து முகவரியைப் போனில் உரக்கச் சொல்லியபடி படியிறங்கினாள்.