முயல் உருண்டை

அன்று மாலை வீட்டில் இருந்தவர்கள்: அக்கா பட்டு. அத்திம்பேர் சாம்பசிவன். அவர்கள் மகன் கிட்டு, அன்றோடு எட்டு வயது. அவன் வகுப்புப் பையன்கள் மூன்று பேர். நான்.

நர்சிங் ஹோமில் டாக்டர் கேட்டபோது, மருந்துச் சீட்டின் பின்பக்கம் இப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். வேறு யாரெல்லாம் சாப்பிட்டிருக்கலாம் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. சாமுண்டீஸ்வரியின் பெயரை நான் எழுதவில்லை. அவள் உள்ளே கட்டிலில் கிடந்தாள்.

அவளுக்கு ஐந்து வயது. சேலையூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் லோகநாதனுக்கு ஒரே பெண். அவர்கள் பக்கத்து வீட்டில் இருந்தார்கள். நடுவில் இடுப்பளவு மதில்தான். அழைத்தாலும் அழைக்காவிட்டாலும் வந்துவிடுவாள்.

பள்ளிக்கூடத்தில் யாரோ மேஜிக் செய்து காட்டியதிலிருந்து கிட்டு ஒரே பிடிவாதம். பிறந்த நாளுக்கு மேஜிக் பார்ட்டிதான் வேண்டும், தின்பதும் மேஜிக்காக இருக்க வேண்டும். அக்கா யோசித்து யோசித்துச் சுலபமாக நாலு அயிட்டம் கண்டுபிடித்தாள். டம்ளரில் வேகவைத்த இட்லியை அப்பளத்தின் மேல் கவிழ்த்தால் மந்திரவாதியின் தொப்பி. ரொட்டியின் ஓரத்தை வெட்டி, ஜாம் தடவிச் சுருட்டினால் மந்திரக்கோல். சங்குப்பூ ஊறிய நீலத் தண்ணீரில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் ஊதாவாக மாறும். கடைசியாக முயல்: தேங்காயும் சர்க்கரையும் சேர்த்த வெள்ளை உருண்டை, கண்ணுக்கு இரண்டு கிராம்பு, காதுக்கு இரண்டு முந்திரி.

முயல் என் பொறுப்பு. நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். தாம்பரத்தில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்டு, பெயின்ட் அடிக்கும் பிரிவு. தின்னர் நெடியில் மூக்கு செத்து இரண்டு வருஷமாகியிருந்தது. அன்று தூங்கியது இரண்டு மணி நேரம்.

"ரங்கா, உருண்டைக்குக் கற்பூரம் தீர்ந்துபோச்சு. வாங்கிண்டு வந்து இடிச்சுப் போட்டுடு. எனக்கு இங்கே கை ஒழியலை," என்றாள் அக்கா.

அடுப்படியில் நின்று அவள் கற்பூரம் என்றால் அது பச்சைக் கற்பூரம். பாயசத்துக்குப் போடுவது. பச்சை என்று அவள் சொன்னதே இல்லை. சொல்லத் தேவையும் இருந்ததில்லை, அவளே வாங்கி அவளே போடுவாள்.

துளசிங்கம் கடையில் போய்க் கற்பூரம் என்றேன்.

"கட்டியா, வில்லையா?"

"எதுவோ ஒண்ணு."

"இன்னா சார், நின்னுகினே தூங்குற! சாமிக்கு வாங்குறப்போவாவது கண்ணைத் தொற."

சாமிக்கு என்று அவன் சொன்னது காதில் விழுந்தது. மண்டைக்குள் போகவில்லை. அவன் கொடுத்த பெட்டியிலிருந்த வில்லைகளை எல்லாம் இடித்துத் தேங்காயோடு பிசைந்தேன். பத்து முயல் வந்தது. சாமுண்டீஸ்வரி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தொல்லை விட்டால் போதும் என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கடித்து முகத்தைச் சுளித்தாள். பிறகு காதைத் தின்றாள்.

"காருது."

"மேஜிக் முயல் அப்படித்தான் இருக்கும். ஓடு."

அரை மணி கழித்து அக்கா தட்டை எடுக்க வந்தாள். குனிந்தவள் அப்படியே நின்றாள்.

"என்னடா இது, கோயில் வாசனை வரது? எதைப் போட்டே?"

காலிப் பெட்டியைக் காட்டினேன். அதன் மேல் தீபாராதனைத் தட்டு படம் இருந்தது.

"இது ஏத்தற கற்பூரம்டா பாவி! விஷம்! யாராவது தின்னாளா?"

தட்டைப் பார்த்தேன். ஒன்பது இருக்க வேண்டும். எட்டு இருந்தது.

மதில் ஏறிக் குதித்தேன். லோகநாதனின் மனைவி செல்லியம்மாள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சாமு எங்கே?"

"உங்க வூட்லதானே கீறா? பார்ட்டின்னு ரிப்பன் கட்டிகினு வந்தாளே. ஏன் தம்பி, மூஞ்சி இன்னாத்துக்கு இப்டி கீது?"

திரும்பி ஓடினேன். கூடத்தில் அத்திம்பேர் கைக்குட்டையில் நாலணாவை மறைத்துக்கொண்டிருந்தார். நாலு பையன்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் இல்லை.

"சாமுவைப் பாத்தியாடா?"

கிட்டு சிரித்தான். "அவளை மறைய வெச்சுட்டோம் மாமா."

"எங்கேடா?"

"சொன்னா மேஜிக் போயிடும்."

அறைந்தேன். அவன் அழுதுகொண்டே உள் அறையைக் காட்டினான். கட்டிலிலிருந்து கறுப்புப் போர்வை தரைவரை தொங்கியது. தூக்கினேன். ஒருக்களித்துக் கிடந்தாள். பாதி முயல் கையில் இருந்தது. கண் மேலே செருகியிருந்தது. கால் மட்டும் தனியாக வெட்டி வெட்டி இழுத்தது, அறுத்துப் போட்ட கோழி மாதிரி. சத்தமே இல்லை.

ஆட்டோவில் செல்லியம்மாள் மடியில் அவள். நான் டிரைவர் பக்கத்தில். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு கூட்ஸ் வண்டி போனது, பெட்டி பெட்டியாக. கேட் திறப்பதற்குள் இரண்டாம் தடவை இழுத்தது.

"பேஜார் பண்ணாதடி, என் ராசாத்தி. கண்ணைத் தொற," என்று செல்லியம்மாள் அவள் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீ இன்னா குட்த்தே?"

கேட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "சூடம்."

அப்புறம் அவள் என்னோடு பேசவில்லை. அன்றைக்கு மட்டுமில்லை.

டாக்டர் எத்தனை கிராம் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "வில்லை எத்தனை, அதாவது தெரியுமா?" அதுவும் தெரியவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. நர்ஸிடம் திரும்பி, வலிப்பு மறுபடி வந்தால் உடனே கூப்பிடச் சொன்னார். கண்ணாடி வழியே அவள் கால் தெரிந்தது. ஆடுகிறதா, ஆடுகிறதா என்று அதையே பார்த்தேன். விடியும்வரை ஆடவில்லை. காலையில் தண்ணீர் கேட்டாள்.

நாலாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். நடை கொஞ்சம் தள்ளாடியது, சரியாகிவிடும் என்றார்கள். அன்று மதியம் லோகநாதன் எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"சாரு, நீங்க இருங்க, வேணாங்கலை. உங்க மச்சான் இருக்கக் கூடாது. எம் பொண்ணு கண்ணுல அவன் படக் கூடாது."

அத்திம்பேர் சரி என்று தலையாட்டினார். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அக்கா என் பையைக் கொண்டுவந்து வெளியே வைத்தாள். உள்ளிருந்து கிட்டு கேட்டான், "மாமா எங்கேம்மா போறார்?"

"ஷிப்டுக்கு."

ஷிப்டு ராத்திரி பத்து மணிக்கு. அப்போது மணி மூன்று. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். பின்னால் கதவு சாத்தியது, தாழ்ப்பாள் விழுந்தது.